அசைந்தால் எரியும் விளக்கு

நூலகத்தில் புதிதாகக் கட்டிய கண்ணாடி அறைக்குள் கணவன் மடிக்கணினி முன்னால் வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறான். வெளியே மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த அறையிலிருந்து சத்தம் துளியும் கசியாது. அவன் உதடுகள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நிற்கிறாள். புது வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறுகிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஒன்று சொல்வதற்குள் கை ஒன்பது சொல்லிவிடும். எட்டு மாதமாக வேலை இல்லை. காலையிலிருந்து அவள் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறாள்: "தயவுசெஞ்சு கையை ஆட்டாதீங்க. பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காருங்க." அவனும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு அப்படியே இருக்கிறான். திடீரென்று அறையின் விளக்கு அணைகிறது. திரையின் நீல வெளிச்சத்தில் அவன் மூக்கு நுனி மட்டும் மிச்சம். "ஐயோ, கரண்டு போச்சா?" என்று பதறுகிறாள். பக்கத்தில் புதுப் புத்தகங்களை அடுக்கும் நூலகப் பெண் திரும்பாமலே சொல்கிறாள்: "இல்லக்கா, அது ஆள் அசைஞ்சாத்தான் எரியும். இல்லன்னா உள்ள யாருமே இல்லைன்னு நினைச்சுக்கும்." மனைவி கைப்பையோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வீசுகிறாள். படிக்கிறவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும். "ஆட்டுங்க! கையை ஆட்டுங்க!" அவன் கண்ணில் பட்டுவிடுகிறது. மெல்ல ஒரு கை வெளியே வருகிறது, பிறகு மற்றது. விளக்கு எரிகிறது. அந்தக் கைகள் காற்றில் கம்பியை இழுக்கின்றன, கதவைத் திறக்கின்றன, ஒரு லிஃப்டையே மேலே ஏற்றுகின்றன. முகத்தில் எட்டு மாதமாகக் காணாத களை. விளக்கு அதற்குப் பிறகு அணையவே இல்லை. அவளுடைய கைகள்தான், இறக்கலாமா என்று தெரியாமல், இன்னும் மேலேயே நிற்கின்றன.