போகாதே என்ற உத்தரவு

ஒரு கணினிக்குள் பாட்டைச் சுமந்துவந்து ஸ்பீக்கரிடம் கொடுக்கும் சேவகன் ஒருவன் இருந்தான். “வேலையில்லாவிட்டால் கிளம்பிவிடு” என்று சொல்லித்தான் அவனை எழுப்புவார்கள். அதனால் பாட்டு முடிந்ததும் போய்விடுவான்.

அவன் ஏன் போகிறான் என்று ஸ்பீக்கருக்குப் புரியவில்லை. “என்மேல ஏதாவது வருத்தமா?” என்று கேட்டது.

“வருத்தமா? எதுக்கு?” என்று அவனும் விழித்தான்.

சத்தம் இருந்தால் போகமாட்டான் என்று நினைத்து, ஸ்பீக்கர் ஓயாமல் இரைய ஆரம்பித்தது.

அவன் வந்து வந்து போவதால்தான் இந்த இரைச்சல் என்று நினைத்தாள் கணினிக்காரி உமையாள். “இனிமேல் போகவே கூடாது” என்று உத்தரவை மாற்றினாள். அவனும் நின்றுவிட்டான்.

தன் இரைச்சல்தான் அவனைப் பிடித்துவைத்திருக்கிறது என்று நினைத்து, ஸ்பீக்கர் இன்னும் பலமாக இரைந்தது. உமையாள் அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டாள்.

“போயிட்டானா?” என்று பெட்டிக்குள் கிடந்து குழம்பியது ஸ்பீக்கர். கணினிக்குள், வயர் பிடுங்கிய துளைக்குப் பக்கத்தில், அவன் போகாமலே நின்றுகொண்டிருந்தான்.