மூக்கால் திருப்பும் பக்கம்

சீட்டு வித்தைப் புத்தகம் படிக்க இரண்டு கைகள் போதாது. இரண்டிலும் சீட்டு இருக்கும்போது பக்கத்தை யார் திருப்புவது? அப்போதெல்லாம் மனைவி பிலோமினாதான் எதிரே உட்கார்ந்து புத்தகத்தை விரித்துப் பிடிப்பாள், கண்களை இறுக மூடியபடி.

"எனக்கும் ரகசியம் தெரிஞ்சிட்டா அப்புறம் யாரை ஏமாத்துவீங்க?"

ஆரோக்கியசாமி "திருப்பு" என்றால் மட்டும் அவள் விரல் அசையும்.

அவள் போன பிறகு மகள் கிண்டில் வாங்கிக் கொடுத்தாள். அதை யாரும் பிடிக்க வேண்டாம். குனிந்து மூக்கால் தொட்டால் பக்கம் திரும்புகிறது.

இன்று ஒரு வித்தை பிசகாமல் வந்தது. நெடுநேரம் தொடாததால் அதற்குள் திரை அணைந்திருந்தது. அவர் சீட்டுகளை விசிறியாக விரித்து அதன் முன் நீட்டினார்.

"படிச்சு முடிச்சிட்டேன். கண்ணைத் திற, ஒண்ணு எடு."