யார் வீட்டில், யார் அலுவலகத்தில்?

“திங்கக்கிழமையிலிருந்து எல்லாரும் ஆபீஸ் வந்தாகணும்” என்று புது மேலாளர் சொன்னதும் திரையிலிருந்த முகங்களெல்லாம் வாடிப்போயின.

கறார் அக்காவின் முகம் மட்டும் அசையவில்லை.

குழுவின் தலைவி அவள். அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் குழுதான். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள், அவளும் கண்டுகொள்ள மாட்டாள்.

பேருந்து டிக்கெட் முன்பதிவுச் செயலியைப் பார்த்துக்கொள்கிற குழு அது. பாதிப் பேர் அலுவலகத்தில், மீதிப் பேர் அவரவர் வீட்டில்.

மேலாளர் பதவிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கேமராவை அணைத்துவிட்டுக் குறட்டை விடுகிறார்கள் என்பது அவர் கட்சி. வர முடியாதவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் பட்டென்று சொல்லிவிட்டார். தானும் வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு திரை வழியாகத்தான் இதைச் சொல்கிறோம் என்பது மனுஷருக்கு உறைக்கவே இல்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற இரட்டையர் அம்மா பதறிப்போனாள். கைக்குழந்தைகள் இரண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆள் கிடையாது. இந்தச் சம்பளமும் போனால் குடித்தனம் நடத்த முடியாது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. இந்தக் குழுவை ஒட்டவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா?

முன்பெல்லாம் அலுவலகத்தில் இருப்பவர்கள் காப்பி மெஷின் பக்கத்தில் நின்றபடியே பாதி முடிவுகளை எடுத்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சேதி போகாது. அப்படித்தான் ஒரு தடவை, சீட் எண்களை மாற்றிய விஷயம் இரட்டையர் அம்மாவுக்குத் தெரியாமலே போய், ஒரே சீட்டை இரண்டு இரண்டு பேருக்கு விற்றுத் தொலைத்தார்கள். ஓடுகிற பேருந்துக்குள் கைகலப்பு. குழுவின் மானம் கப்பலேறியது.

அன்றைக்கு அக்கா ஒரு சட்டம் போட்டாள். காப்பி மெஷின் பக்கத்தில் பேசியதெல்லாம் பேச்சே இல்லை, குழு அரட்டையில் எழுதினால்தான் கணக்கு. கூட்டம் என்றால், அடுத்தடுத்த மேசையில் இருந்தாலும் அவரவர் கணினி, அவரவர் ஹெட்செட். முகத்துக்குப் பின்னால் எல்லாருக்கும் ஒரே நீலப் பின்னணி. ஒருவர் தூரத்தில் இருந்தால் எல்லாரும் தூரத்தில்தான்.

கை நீட்டினால் எட்டுகிறவனிடம் கம்ப்யூட்டர் வழியாகப் பேச எனக்கென்ன கிறுக்கா என்று, அலுவலகத்தில் உட்காருகிற ‘தாடி’ குதித்தான். குதித்துவிட்டு வழிக்கு வந்தான். அதற்கப்புறம் ஒரு சீட் இரண்டு தடவை விற்றதாகச் சரித்திரம் இல்லை.

இப்போது இவர் வந்து ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கலைக்கப் பார்க்கிறார்.

“சார், எங்கள்ல யாரு வீட்ல, யாரு ஆபீஸ்லன்னு நீங்களே சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்தா திங்கக்கிழமை எல்லாரும் வர்றோம். ஒண்ணு தப்பினாலும் இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்” என்றாள் அக்கா.

“வேணாம்க்கா” என்று இரட்டையர் அம்மா தனியே ஒரு வரி அனுப்பினாள்.

மேலாளருக்கு ஏக குஷி. பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு நினைப்பு.

தாடியைப் பார்த்தார். வாராத தலை, கசங்கிய சட்டை. வீடு என்றார். அலுவலகத்தில், ஏ.சி.க்கு நேர்கீழே உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்த தாடி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

கொட்டாவி விட்ட புதுமாப்பிள்ளையையும் வீடு என்றார். அவன் கொட்டாவி விட்டதும் அலுவலகத்தில்தான். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிற இரட்டையர் அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு ஆபீஸ் என்றார். அவள் மடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அக்காவிடம் வந்தார்.

“நீங்க ஆபீஸ். இதுல சந்தேகமே வேணாம். பக்கத்துல இருந்து பாத்துக்காம இப்படி ஒரு டீமை வேலை வாங்க முடியாதும்மா.”

அக்கா தன் நீலப் பின்னணியை எடுத்தாள். பின்னால் சமையலறை ஜன்னல். கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

மேலாளர் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை. சரி, திங்கட்கிழமைப் பேச்சை விட்டாச்சு, இருக்கிறபடியே இருங்கள் என்றார். இரட்டையர் அம்மா மடியில் இருந்ததை அள்ளி அணைத்துக்கொண்டு வாய்விட்டே அழுதாள்.

மேலாளருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் நானும் அங்கே வருகிறேன், நீங்களும் ஒரு நாள் வாருங்கள், உங்கள் மேசையைக் காட்டுங்கள், உட்கார்ந்து ஒரு காப்பி சாப்பிடலாம் என்று அக்காவிடம் சொன்னார்.

“எனக்கு அங்க மேசை கிடையாது சார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் அந்த ஆபீஸுக்குள்ள போனதே இல்ல. வாசல்ல படி மட்டும்தான் இருக்காம். பக்கத்துல ஒரு சாய்தளம் போடச் சொல்லுங்க, மொத ஆளா வர்றேன்.”

கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு அக்கா மேசை விளிம்பைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் நாற்காலியின் இரண்டு பெரிய சக்கரங்களும் மேலாளரின் திரைக்குள் வந்தன.