பால் ஊற்றிய வெள்ளைத் தாள்

ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதன் மேல் நூறு புரதங்கள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்வதுதான் ஆன்டிபாடியின் வேலை. பிறகு தாளைப் படமெடுத்தால், அது பிடித்த இடம் கறுப்புக் கோடாக விழும்.

ஆன்டிபாடி வந்ததும் வராததுமாக, கண்ட காலி இடத்திலெல்லாம் ஏறி உட்கார்ந்தது. "இங்கே இருக்கான்! இதோ, இங்கேயும் இருக்கான்!"

தாளுக்கு ஒரே கூச்சம். "அடேய், அது வெறும் இடம்டா!" என்று நெளிந்து நெளிந்து சிரித்தது. படமெடுத்தால் தாள் முழுக்கக் கரிச்சட்டி மாதிரி கறுப்பு.

"இன்னொரு தடவை இப்படி வந்தா குப்பைக்கூடைதான்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் மங்கையர்க்கரசி. தாளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அவள் ஒட்டியிருந்த ஆன்டிபாடியைக் கழுவிவிட்டு, முதல் தடவை மறந்துபோன பால் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். "கொஞ்சம் இடம் விடுக்கா," என்று தாளிடம் கேட்டுக்கொண்டே பால் வந்து, காலி இடத்திலெல்லாம் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

மறுபடி வந்த ஆன்டிபாடி உட்காரப் போனது, வழுக்கியது. தள்ளிப் போனது, அங்கேயும் வழுக்கியது. "என்ன அநியாயம், உட்கார ஒரு இடமில்லையா?" என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சறுக்கிக்கொண்டே போய், கடைசியில் அந்த ஒரு புரதத்தின் மேல் தொப்பென்று விழுந்து இறுகப் பிடித்துக்கொண்டது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மச்சான்?" என்றது புரதம்.

"உன்னைத் தேடித்தானே மச்சான் இத்தனை அலைச்சல்!"

தாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மங்கையர்க்கரசி படமெடுக்க வந்துவிட்டாள். தாள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

படத்தில் ஒரே ஒரு கோடு, மை தீட்டினாற்போல.