தக்கைப் பிடி

அன்று மழை பெய்தது என்றுதான் நினைக்கிறேன். நல்ல வெயில் என்கிறான் சின்னண்ணன். அவன் சொல்வதும் சரியாக இருக்கலாம். சன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் அவன்.

பெரியண்ணன் கையில் பிளேடு இருந்தது. அதில் சந்தேகம் இல்லை.

சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாளை விரித்து காலமான அப்பாவின் தூண்டில் கோலைக் கிடத்தியிருந்தான். ரீலைக் கழற்றியாயிற்று. புதுப் பிடியை நுனி வழியாகத்தான் கோத்து இறக்க முடியும் என்பதால், கோல் நெடுக நூல் ஓடும் வளையங்களையும் எடுத்துவிட்டான். பழைய தக்கைப் பிடியைச் சீவி எறியும் வேலைதான் பாக்கி.

தக்கை கறுத்துப்போயிருந்தது. விளிம்பெல்லாம் எலி கொறித்ததுபோல் உதிர்ந்திருந்தது. நடுவில் மட்டும் வழவழப்பு. கட்டைவிரலுக்கு ஒரு குழி, மற்ற விரல்களுக்கு வரிசையாகச் சின்னப் பள்ளங்கள்.

தொழிற்சாலை மூடிக்கிடந்த காலத்தில் எங்கள் ஐந்து பேர் வயிற்றையும் கழுவியது அந்தக் கோல்தான்.

இதை எனக்குச் சொன்னவன் பெரியண்ணன். கல்யாண வீடுகளில், பிள்ளைகளின் பிறந்தநாட்களில், பக்கத்தில் உட்காரும் யாரிடமும் அவன் சொல்வான். அப்பா கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் வருவதும், துணைக்குப் போன அம்மா பின்னால் வருவதும் என் கண்ணிலும் இருக்கிறது. நான் பார்த்ததா, அவன் சொல்லிக் கேட்டதா என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசையை மட்டும் பார்த்தாள்.

"பிடிய மாத்தாத. அப்படியே எனக்குக் குடுத்துடு."

"உனக்கு எதுக்கும்மா? துணி காயப்போடவா?" என்றான் சின்னண்ணன்.

அண்ணி சிரித்தாள். ஒட்டடை அடிக்கவும் உதவும் என்று தன் பங்குக்கு ஒன்று போட்டாள். நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்ததாக ஞாபகம். அது மட்டும் என் கற்பனையாக இருந்தால் நல்லது.

கோலை எடுத்தாள். இடது கையில்.

அம்மாவுக்குக் கரண்டி பிடிப்பது, கத்தரி பிடிப்பது, எல்லாமே இடது கைதான். கட்டைவிரல் குழியில் போய் உட்கார்ந்தது. மற்ற விரல்கள் பிசகாமல் அதனதன் பள்ளத்தில் இறங்கின. தேடவில்லை. சொந்த வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தொடுவதுபோல.

வலது கை பிடித்த பிடியென்றால் அந்தப் பள்ளங்கள் மறுபக்கம் விழுந்திருக்கும்.

அப்பா வலக்கைக்காரர். அதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் இடது கன்னத்துக்குத் தெரியும்.

சின்னண்ணனும் அண்ணியும் இன்னும் ஒட்டடையிலேயே இருந்தார்கள். பெரியண்ணன் மட்டும் அந்தக் கையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முகத்தில் ஆச்சரியம் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

"குடும்மா. பசை காஞ்சிடும்" என்று கையை நீட்டினான்.

பசைக் குழாய்கள் இரண்டும் மூடி திறக்காமல் மேசைமேல் கிடந்தன.

அம்மா கொடுத்தாள். கொடுக்கும்போது குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒன்று சொன்னாள். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"வாளி தூக்கிட்டு என்கூட வந்தவன் நீதானேடா."



ஓரத்திலிருந்துதான் சீவிக்கொண்டு வர வேண்டும். அவன் பிளேடை நேராகக் கட்டைவிரல் குழியில் வைத்து அழுத்தினான். தக்கை துகளும் துண்டுமாகச் செய்தித்தாளைத் தாண்டித் தரையில் விழுந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டினாள்.

அப்படியானால் அப்பா தோளில் கோல் வந்தது எப்படி என்று பாத்திரம் துலக்கும்போது அவளிடம் கேட்டேன். தெருமுனையில் வந்து வாங்கிக்கொள்வார் என்றாள். கோலை அவர் தோளுக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து வீடு வரைக்கும் அவள் பின்னால் நடப்பாளாம். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. ஒரு வழியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதுவரை பகல் முழுக்க அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டேன். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். 

பெரியண்ணன் புதுப் பிடியோடு ஒரு கோடை முழுக்க ஆற்றுக்குப் போய்வந்தான். பிறகு முதுகுவலி என்று விட்டுவிட்டான். கோலைக் கூடத்துச் சுவரில் உயரத்தில் மாட்டினான். அம்மா கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். அதை இறக்கித் தரும்படி ஒருமுறையும் கேட்கவில்லை. சின்னண்ணன் வேலை மாறி வேறு ஊருக்குப் போனான். அண்ணிக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. நான் தனியாக இருக்கிறேன், சௌக்கியமாகவே இருக்கிறேன்.

அம்மா போன வருடம் இறந்தாள். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் பெரியண்ணன் அவளைப் பற்றிப் பேசினான். அப்பா பிடித்துக்கொண்டு வரும் மீனை அவளைப்போல் சமைக்க இனி ஆள் இல்லை என்றான்.