ரூஃபஸின் டிரம்

ஸ்டூலின் மேல் ஏறி நின்று வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சிவப்புக் காகித ஸ்டார். பரணில் கிடந்து ஒரு மூலை நசுங்கியிருந்தது. விரலை விட்டு நிமிர்த்தினாள். முழுதாக நிமிரவில்லை. போகட்டும்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. உடனே மூடியது.

பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை. பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. கேரல் பாடி வருகிறவர்கள் அந்த வாசல் வந்ததும் டிரம்மை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவார்கள். வேதத்தில் எங்கும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஜூலையில் ரூஃபஸ் போனான். பைக்கில் வேலைக்குப் போன மகனை லாரி அடித்துத் தூக்கிப் போட்டது.

செப்டம்பரில் மகள் கெத்சிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை.

பார்க்க வந்தவர்கள் முதலில் ரூஃபஸைப் பெற்ற அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகுதான் தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள். அப்படியே தாய்மாமன் ஜாடை என்று சொல்லி மறுபடியும் அழுதார்கள். ஒருத்தராவது சிரித்த முகத்தோடு அந்தப் பிள்ளையைத் தூக்கியிருப்பார்களா? அவன் யார் குடியைக் கெடுத்தான்?

வருஷப் பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனமென்று ரூஃபஸ் பெட்டிக்குள் கைவிட்டு எடுத்த வாக்குத்தத்த அட்டை இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. இந்த வீட்டில் சந்தோஷச் சத்தம் ஓயாது என்பதுபோல ஒரு வசனம். அடக்கம் முடிந்து வந்த அன்று கிழித்துப்போடத்தான் கை போனது. கிழிக்கவில்லை. இருக்கட்டும், சொன்ன ஆண்டவர் தினமும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஸ்டார் ஆடாமல் நின்றது. ஸ்டூலை விட்டு இறங்கினாள்.

இறங்குவதற்குள் புருஷனின் அக்கா அன்னபாக்கியம் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். சேதி அதற்குள் தெருமுனைவரை போயிருந்தது. ஒரு வருஷம் திரும்பவில்லை, மண்ணின் ஈரம் காயவில்லை, ஊர் காறித் துப்பும் என்றெல்லாம் சொன்னாள். பெத்த வயிறு இப்படியா இருக்கும் என்றும் கேட்டாள்.

"பெத்த வயிறுதான் மதினி கட்டுது."

அன்னபாக்கியம் அதற்குமேல் நிற்கவில்லை.

ஊர் என்ன செய்தாலும் அவளுக்குக் கவலையில்லை. அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது அந்த டிரம்தான்.

முதல் சம்பளத்தில் ரூஃபஸ் ஆசைஆசையாக வாங்கிய டிரம். அவன் போன பிறகு, வீட்டில் அதைப் பார்க்கச் சகிக்காமல், அவன் அப்பா தூக்கிக்கொண்டு போய்ச் சர்ச்சில் கொடுத்துவிட்டு வந்தார். இந்த வருஷம் கேரலுக்கு அதைத்தான் அடிக்கப் போகிறார்கள். தெரு முழுக்க அடித்துவிட்டு, அவன் வீட்டு வாசலில் மட்டும் அது வாயை மூடிக்கொண்டு போகுமாம்.

விடமாட்டாள்.

உள்ளே போய் ஸ்டாருக்குச் சுவிட்சைப் போட்டாள். புருஷன் எழுந்து வந்து அணைத்தார்.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் அணைத்தார்.

நாற்காலியை இழுத்துச் சுவிட்சுக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். முகத்தைப் பார்த்தாள். சண்டை போடத் தோன்றவில்லை. எரியாவிட்டாலும் ஸ்டார் ஸ்டார்தான்.

பொழுது சாய்ந்தது.

தெருமுனையில் டிரம் கேட்டது.

கெத்சியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரும்புக் கேட்டை அகலத் திறந்துவைத்தாள். பாட்டு ஒவ்வொரு வீடாக நின்று நின்று வந்தது. பக்கத்து வீட்டில் கைதட்டினார்கள். கேக் கொடுத்தார்கள். கூட்டம் அங்கிருந்து கிளம்பியது.

டிரம் நின்றது.

செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. முன்னால் சபை உபதேசியார், வெள்ளைச் சட்டையில், குனிந்த தலையோடு. அவருக்குப் பின்னால் கழுத்தில் டிரம்மோடு கிங்ஸ்லி. ரூஃபஸின் கூட்டாளி. அவன் நிமிர்ந்து ஸ்டாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான்.

"உபதேசியாரே, அது எம் பிள்ள வாங்குன டிரம்மு. அவன் வாசல்ல அது ஊமையாப் போவக்கூடாது."

உபதேசியார் நின்றார். கூட்டமும் நின்றது.

அவள் உள்ளங்கையால் கேட்டில் அடித்தாள். சாப்பாட்டு மேசையிலும் தண்ணீர் வாளியிலும் அடித்து அடித்து ரூஃபஸ் அவளிடம் திட்டு வாங்கிய அதே அடி. ஒன்று, இரண்டு, ஒரு இடைவெளி, பிறகு மூன்று வேகமாக. கை வலித்தது. மறுபடியும் அடித்தாள்.

மூன்றாம் முறை கிங்ஸ்லி சேர்ந்துகொண்டான்.

அழுதுகொண்டேதான் அடித்தான். ஆனாலும் அடி தப்பவில்லை. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டை எடுத்தார். பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது. வீறிடட்டும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜூலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்தது.

"பலமா அடிடா. வீட்டுக்குள்ள கேக்கணும்."

அடித்தான்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போனபோது உபதேசியாரின் வெள்ளைச் சட்டை சிவந்தது. டிரம்மின் தோல் சிவந்தது. பிள்ளையின் ஈரக் கன்னமும் சிவந்தது.

சுவிட்சைப் போட்டவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டு, வீட்டைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டாள்.

அவன் அழுகையை நிறுத்தினான்.