பவுடர் போடாத முகம்

"என்னங்க, இன்னைக்குப் பவுடர் போடலையா?"

டிபன் பாக்ஸை நீட்டியபடி மனைவி கேட்டதும் அவன் செருப்பை மாட்டக் குனிந்துகொண்டான்.

"ஆபீஸுக்கு நேரமாச்சு."

"எனக்கும்தான். தையல் கிளாஸுக்குக் கிளம்பணும்."

தெருமுனை தாண்டிய பிறகுதான் மூச்சு வந்தது. ஆபீஸை இழுத்து மூடி மூன்று மாதமாகிறது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. பூங்கா பெஞ்சில் பொழுதைக் கழித்துவிட்டுத் தினமும் 'வேலை முடிந்து' வீடு திரும்பினான்.

ஊருக்கு வெளியே இருந்த கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலை புது யூனிட்டுக்கு நானூறு பேரை எடுத்திருந்தது. அவனும் ஒருவன். இன்று முதல் நாள்.

உள்ளே போகுமுன் எல்லோரும் தலைமுதல் கால்வரை வெள்ளை உடைக்குள் புகுந்தார்கள். கண்கள் மட்டுமே தெரிந்தன. முகப்பவுடரோ மூச்சில் தங்கிய சிகரெட் புகையோ, ஒரு துகள் பட்டாலும் சிப் பாழ் என்பதால், பழைய ஆள் ஒருவர் சோதித்த பிறகே புது ஆளுக்கு அனுமதி.

அவன் முறை வந்தது. பயத்தில் தலை நிமிரவில்லை.

"பவுடர்?" முகமூடிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"போடலைங்க மேடம்."

"அரை மணி நேரத்துக்குள்ள சிகரெட்?"

"அதை விட்டு வருஷமாச்சுங்க."

"இதுவாவது நிஜமா?"

திடுக்கிட்டு நிமிர்ந்தான். தினமும் பார்க்கும் கண்கள்.

"நீ... தையல் கிளாஸ்?"

"உங்க ஆபீஸ் மூடின மறுவாரமே இங்க சேர்ந்துட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்" என்றவள் அவன் தலையுறைக்குக் கை நீட்டினாள். "குனிங்க, முடி வெளியே தெரியுது."